கைது வேறு, வீட்டுச் சோதனை வேறு: வாரண்டு இல்லாமல் போலீஸ் எதுவரை போகலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஒரு வீட்டு வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றால் போதும், அக்கம்பக்கத்தில் இரண்டு சட்டங்கள் உடனே பிறந்துவிடும். "வாரண்டு இல்லாமல் உள்ளே காலை வைக்கவே முடியாது" என்பது ஒன்று. "ஆளைப் பிடித்தாகிவிட்டது, இனி வீட்டையே புரட்டிப் போடலாம்" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். இரண்டுமே தப்பு.

இந்தக் குழப்பத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் பாதிக் காரணம். மீதிப் பாதி யூடியூபில் இந்தியச் சட்டம் பேசும் காணொளிகள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே கடைக்கும் கோயிலுக்கும் வேலைக்கு வந்தவர்கள் "சோதனை போட ஊர்க்காரர் இரண்டு பேர் சாட்சியாக நிற்க வேண்டுமே" என்று கேட்பதுண்டு. அது இந்தியாவின் விதி. தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. இங்கே ஆள்வது 1977ஆம் ஆண்டின் 51ஆம் எண் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அதற்கும் மேலே நிற்கிற 1996 அரசியலமைப்புச் சட்டமும். கீழே வரும் பிரிவு எண்கள், வேறு சட்டம் என்று சொல்லாத இடமெல்லாம், அந்த 1977 சட்டத்தின் எண்கள்.

கோயில் வாசலும் உண்டியலும்

மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். கும்பிடலாம், திருநீறு வாங்கலாம், மண்டபத்தில் உட்காரலாம். உள்ளே வர வழி இருக்கிறது என்பதற்காக உண்டியலைத் திறந்து பார்க்க முடியுமா? அதற்கு வேறு அனுமதி வேண்டும், வேறு சாவி வேண்டும். மடப்பள்ளிக்கு இன்னொரு சாவி.

வீட்டு விஷயத்திலும் போலீஸாரின் அதிகாரம் இப்படித்தான் தனித்தனிச் சாவிகளாக இருக்கிறது. ஆளைப் பிடிக்க உள்ளே வருவதற்கு ஒரு சாவி. பிடித்த ஆளின் சட்டைப்பையைத் துழாவ ஒரு சாவி. அலமாரியையும் பீரோவையும் திறக்க மூன்றாவது சாவி. முதல் சாவி கையில் இருப்பதால் மூன்றாவதும் தானாக வந்துவிடாது. குழப்பம் அத்தனையும் இந்த மூன்றையும் ஒரே கொத்தாக நினைப்பதில்தான் இருக்கிறது.

முன்னதாகச் சில சொற்கள்

சோதனை வாரண்டு: இன்ன இடத்தில் இன்ன பொருளைத் தேடலாம் என்று மாஜிஸ்திரேட் அல்லது அந்த அதிகாரம் உள்ள இன்னொருவர், சத்தியப்பிரமாணத்தோடு தரப்பட்ட தகவலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் எழுத்து ஆணை. 21ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

பிடிவாரண்டு: இன்ன ஆளைக் கைது செய்யலாம் என்ற ஆணை. பெயரில் வாரண்டு என்று இருந்தாலும் இது பொருளைத் தேடும் ஆணை அல்ல. வாசலில் ஒரு காகிதத்தைக் காட்டி "வாரண்டு இருக்கிறது" என்று சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது இது எந்த வாரண்டு என்பதைத்தான். ஆளின் பெயர் மட்டும் இருந்து, வீட்டு முகவரியும் தேட வேண்டிய பொருளும் இல்லையென்றால் அது பிடிவாரண்டாகத்தான் இருக்கும்.

பறிமுதல்: கிடைத்த பொருளைப் போலீஸ் தன் வசம் எடுத்துக்கொள்வது. எதை வேண்டுமானாலும் எடுக்க முடியாது. குற்றத்தில் சம்பந்தப்பட்டது, குற்றத்துக்கு ஆதாரமாகக் கூடியது, குற்றத்துக்குப் பயன்படுத்த வைத்திருப்பது என்ற மூன்று வகையைத்தான் 20ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

ஆளைத் தேடி உள்ளே வருவது

கைதுக்கே வாரண்டு வேண்டும் என்பது இல்லை. கண்ணெதிரே குற்றம் நடந்தாலோ, கொலை, கொள்ளை, திருட்டு, மோசடி போன்ற முதல் அட்டவணைக் குற்றம் ஒன்றைச் செய்ததாக ஒருவர்மீது நியாயமான சந்தேகம் இருந்தாலோ 40ஆம் பிரிவின்படி வாரண்டின்றியே பிடிக்கலாம்.

அந்த ஆள் ஒரு வீட்டுக்குள் இருப்பதாகத் தெரிந்தால் அல்லது நியாயமாகச் சந்தேகப்பட்டால், 48ஆம் பிரிவு கதவைத் திறந்துகொடுக்கிறது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் காதில் விழும்படி கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். எதற்காக வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் திறக்காவிட்டால்தான் வாசலில் இருக்கும் பர்க்லர் கேட்டை (திருட்டைத் தடுக்கும் இரும்புக் கதவை) உடைக்கலாம், உள்ளே போகலாம், தேடலாம்.

தேடலாம் என்றால் யாரை? ஆளை. அந்தப் பிரிவு தரும் தேடல் கைது செய்வதற்கான தேடல் மட்டும். ஆகவே ஆள் ஒளியக்கூடிய இடமெல்லாம் பார்க்கலாம். கட்டிலுக்கு அடியில், துணி அலமாரிக்குள், குளியலறையில், பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில், கூரைக்கு மேலுள்ள பரணில். மசாலா டப்பாவுக்குள் ஆள் ஒளிய முடியாது. நகைப்பெட்டிக்குள்ளும், பில் கட்டிய ரசீது வைத்த டிராயருக்குள்ளும் முடியாது. ஆளைத் தேடி வந்தவர் மசாலா டப்பாவைத் திறந்தால், அந்த நொடியில் அவர் 48ஆம் பிரிவை விட்டு வெளியே போய்விட்டார். வேறு பிரிவில் அவருக்கு இடம் இருந்தால்தான் அந்தச் செயல் நிற்கும்.

இன்னொன்று. ஆள் பிடிபட்டதும் இந்தத் தேடலின் வேலை முடிந்தது. சமையலறையிலேயே கையில் விலங்கு போட்ட பிறகு மாடி அறைக்குப் போக இந்தப் பிரிவு காரணமாகாது.

பிடிபட்டவரின் உடம்பும் கைவசமும்

கைது செய்த அதிகாரி அந்த ஆளைச் சோதனை போடலாம் என்கிறது 23ஆம் பிரிவு. அவர் வசமோ, காவலிலோ, கட்டுப்பாட்டிலோ இருக்கும் 20ஆம் பிரிவுப் பொருளைப் பறிமுதல் செய்யலாம். அவருக்கோ பிறருக்கோ காயம் உண்டாக்கக்கூடிய கத்தி, பிளேடு போன்றவற்றைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம். சட்டைப்பை, இடுப்பு, கையில் தொங்கும் பை எல்லாம் நடைமுறையில் இதற்குள் வந்துவிடும்.

சிக்கல் 'கட்டுப்பாட்டில்' என்ற சொல்லில். "வீடே அவர் கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது, அப்போது வீட்டையே பார்க்கலாமே" என்று வாதம் வரும். சாமர்த்தியமான வாதம்தான். ஆனால் பக்கத்துப் பிரிவைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அது தடுமாறுகிறது. 22ஆம் பிரிவு 'ஆள், கொள்கலம், இடம்' என்று மூன்றையும் பெயர் சொல்லிச் சோதனைக்கு உட்படுத்துகிறது. 23ஆம் பிரிவோ கைதான ஆளைச் சோதிக்கலாம் என்று மட்டும் சொல்கிறது, 'இடம்' என்ற சொல்லே சோதனை அதிகாரத்தில் இல்லை. அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளில் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத சொல் மறதியால் விட்டுப்போனது என்று எடுத்துக்கொள்வது கடினம்.

இதனால் அன்றாடம் நடக்கிற ஒரு விஷயம் கேள்விக்குள்ளாகிறது. ஒருவரை ரோட்டிலோ கடை முன்னாலோ கைது செய்கிறார்கள். பக்கியில் (பின்பக்கம் திறந்த சிறு வண்டியில்) ஏற்றி, "வா, உன் வீட்டைக் காட்டு" என்று வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். வீட்டுக்கும் அந்தக் கைதுக்கும் இடம், நேரம் எதிலும் தொடர்பு இல்லை. 23ஆம் பிரிவு அந்த வீட்டு வாசலைத் தொடாது. அங்கே சோதனை போட வேண்டுமென்றால் சோதனை வாரண்டு வேண்டும், இல்லையேல் அடுத்து வரும் 22ஆம் பிரிவின் நிபந்தனை நிறைவேற வேண்டும்.

ஆயுதம் தாங்கிய தனியார் காவல் நிறுவனத்தாரும் தெருக் காவல் குழுவினரும் போலீஸ் அல்ல. சில சூழ்நிலைகளில் தனிமனிதருக்கும் கைது செய்ய இடமுண்டு, பிடித்தவர் வசமிருக்கும் பொருளை எடுத்து உடனே போலீஸிடம் ஒப்படைக்கவும் இடமுண்டு. வீட்டைச் சோதனை போடும் அதிகாரம் அவர்களுக்கு இதிலிருந்து பிறக்காது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ஆளைப் பிடிக்க வீட்டுக்குள் வரலாம், ஆள் ஒளியும் அளவு இடங்களைப் பார்க்கலாம், பிடித்தபின் அவர் உடம்பையும் கைவசத்தையும் சோதிக்கலாம். வீட்டுச் சோதனை இன்னும் தொடங்கவில்லை.

மூன்றாவது சாவி: 22ஆம் பிரிவு

வாரண்டு இல்லாமல் வீட்டைச் சோதனை போட இந்தப் பிரிவு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று சம்மதம். மற்றது அவசரம்.

சம்மதம் என்பதுதான் நடைமுறையில் பெரும்பாலும் வாசலைத் திறக்கும் வழி. "ஆயா, கொஞ்சம் உள்ளே பார்த்துக்கொள்ளலாமா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். பாட்டியம்மா "பாருப்பா, நம்ம வீட்டில் என்ன இருக்கு" என்று ஒதுங்கி வழிவிடுவார். அவ்வளவுதான், வாரண்டின் தேவை போய்விட்டது. பிறகு கோர்ட்டில் "பயந்துபோய்ச் சரி என்றோம்" என்று வாதாடலாம். சம்மதம் விருப்பத்தோடு, எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால் அந்த வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் துப்பாக்கியோடு ஆறு பேர் நின்றபோது வாயே திறக்காமல் விலகியது சம்மதமா, பணிவா என்பதை இரண்டு வருஷம் கழித்து நிரூபிப்பது எளிதல்ல. வாசலில் சொன்ன ஒரு தெளிவான வார்த்தை அந்த வேலையை மிச்சப்படுத்தும்.

சம்மதம் கொடுக்க யாருக்கு உரிமை? இங்கே டர்பன் வீடுகளின் அமைப்பையே நினைத்துப் பார்க்கலாம். முன்னால் பெரிய வீடு, பின்னால் வாடகைக்கு விட்ட அவுட்பில்டிங். வீட்டுக்காரர் வாடகை வாங்குகிறார், நிலம் அவர் பெயரில் இருக்கிறது. அதற்காக வாடகைக்காரர் பூட்டி வைத்திருக்கும் அறைக்கு அவர் சம்மதம் சொல்லிவிட முடியாது. அங்கே குடியிருப்பவர்தான் சொல்ல வேண்டும். திருப்பிப் பார்த்தாலும் அதே கணக்கு: வாடகைக்காரர் சம்மதித்தால் அது அவர் அறையோடு நிற்கும், பெரிய வீட்டுச் சமையலறைக்கு வராது. கூட்டுக் குடும்பத்தில் கூடத்துக்கும் சமையலறைக்கும் பெரியவர் யாராவது சம்மதம் சொல்வது சரியாக இருக்கலாம். மகனோ மருமகளோ தனியாகப் பூட்டிப் பயன்படுத்தும் அறைக்கு அது போதுமா என்பது தகராறுக்குரியது. சின்னப் பிள்ளைகள் கதவைத் திறந்துவிட்டதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது மிகப் பலவீனமான அடித்தளம்.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது 26ஆம் பிரிவு. "ஒரு கேள்வி கேட்க வேண்டும், உள்ளே வரலாமா?" என்று வந்தால், விசாரிப்பதற்காக ஓர் இடத்துக்குள் வாரண்டின்றி நுழைய இந்தப் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அது குடியிருப்பு வீடாக இருந்தால் குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும் என்று அந்தப் பிரிவே நிபந்தனை போட்டிருக்கிறது. வெளியே வந்து வாசலில் நின்று பேசலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அவசரம் என்ற வழிக்கு இரண்டு கால். ஒன்று: வாரண்டு கேட்டால் கிடைத்திருக்கும் என்று அதிகாரி நியாயமான காரணங்களோடு நம்ப வேண்டும். இரண்டு: வாரண்டு வாங்கிவரும் தாமதம் சோதனையின் நோக்கத்தையே கெடுத்துவிடும் என்றும் அதேபோல நம்ப வேண்டும். இரண்டில் ஒரு கால் இல்லையென்றாலும் இந்த நாற்காலி நிற்காது.

'நியாயமான காரணம்' என்பது அதிகாரியின் மனசுக்குப் பட்டது என்பதல்ல. அதே தகவல் கையில் இருந்தால் நிதானமான இன்னொரு மனிதரும் அப்படியே நம்புவாரா என்று கோர்ட் பார்க்கும். "எங்களுக்குத் தகவல் வந்தது" என்ற ஒற்றை வாக்கியம் போதாது. யார் தந்தது, எவ்வளவு விவரமாக, எப்போது, சரிபார்த்தீர்களா என்ற கேள்விகள் வரும்.

ஒரு கற்பனை நிலவரம் சொன்னால் விளங்கும். பீனிக்ஸில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவரைத் திருட்டு வழக்கில் அவர் வீட்டிலேயே கைது செய்கிறார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை. திருடியதாகச் சொல்லப்படுவது மூன்று பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகள். வெருளம் கோர்ட் பக்கத்தில்தான், அன்று வேலை நாளும்கூட. தொலைக்காட்சிப் பெட்டியைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட முடியாது. ஒரு போலீஸ்காரர் கேட்டில் நிற்க, இன்னொருவர் வாரண்டு வாங்கிவரலாம். இங்கே தாமதம் எதைக் கெடுத்தது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

அதையே மாற்றிப் போடுங்கள். இரவு பதினொரு மணி. தேடுவது சின்னப் பொட்டலங்களில் போதைப்பொருள். கைதானவரின் தம்பியும் நண்பர்களும் உள்ளே இருக்கிறார்கள், கழிவறையில் தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்கிறது. இப்போது இரண்டு காலும் உறுதியாக ஊன்றி நிற்கும். சட்டம் ஒன்றேதான். பொருள், நேரம், உள்ளே இருக்கும் ஆட்கள் ஆகிய மூன்றும் மாறும்போது விடை மாறுகிறது. "போலீஸ் இப்படிச் செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் தெரிந்தவர்கள் உடனே பதில் சொல்லாமல் திரும்பக் கேள்வி கேட்பது இதனால்தான்.

ஆளைப் பிடிக்கச் சரியாக உள்ளே வந்த இடத்தில் மேசைமேல் துப்பாக்கி திறந்தே கிடந்தால்? கண்ணை மூடிக்கொள்ளச் சட்டம் சொல்லவில்லை. கண்ணில் பட்டது நியாயமான காரணத்துக்கு வலு சேர்க்கும். கண்ணில் படுவதற்காக டிராயரை இழுத்தால் அது பட்டது ஆகாது, தேடியது.

'சும்மா ரெய்டு' ஏன் குறைந்தது

ஒரு காலத்தில் வேறு சில சட்டங்கள் இந்த இரண்டு காலும் இல்லாமலே கதவைத் திறந்துவிட்டன. அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு அந்தரங்க உரிமையைச் சொல்லும்போது, தன் உடலோ வீடோ சோதனை போடப்படாமல் இருக்கும் உரிமையை முதலில் வைக்கிறது. நிறவெறிக் காலத்தில் நள்ளிரவில் 'பாஸ்' என்ற நடமாட்ட அனுமதிச் சீட்டைக் கேட்டுக் கதவு தட்டப்பட்ட நாட்டில் அந்த வரிசை தற்செயல் அல்ல. அதன்பிறகு பழைய பிரிவுகள் ஒவ்வொன்றாக அரசியலமைப்பு நீதிமன்றத்தில் விழுந்தன.

1998இல் விழுந்தது மருந்துச் சட்டத்தின் ஆய்வு அதிகாரம். டர்பன் உயர்நீதிமன்றத்தில் ஒரு மருத்துவர் தொடங்கிய வழக்கு அது. அந்தப் பிரிவின்படி ஆய்வாளர்கள் வாரண்டின்றித் தனியார் வீட்டுக்குள்ளும் புகுந்து மருந்தைத் தேட முடிந்தது, எல்லைக்கோடே இல்லை.

2016இல் 1992ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. அதன் 11ஆம் பிரிவு சந்தேகம் இருந்தால் எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் வாரண்டின்றி நுழையப் போலீஸுக்கு இடம் கொடுத்திருந்தது. நுழைந்து தேடுவதும் பறிமுதல் செய்வதும் அடங்கிய பகுதிகளை நீதிமன்றம் செல்லாததாக்கியது. அவசரம் என்றால் 22ஆம் பிரிவு இருக்கிறதே என்பது தீர்ப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று. 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள் விற்கும் வீடு என்று தெருவே சொன்னாலும் இன்று போலீஸார் வாரண்டோடு வர வேண்டும், அல்லது அந்த இரண்டு காலையும் காட்ட வேண்டும்.

2021இல் ஜோகன்னஸ்பர்க் நகர மையத்து இண்டஸ்ட்ரி ஹவுஸ் முதலான கட்டடங்களில் குடியிருந்தவர்கள் வென்றார்கள். 2017, 2018 ஆண்டுகளில் பகுதியையே வளைத்துக்கொண்டு அறை அறையாகப் புகுந்த ரெய்டுகள் அவை. போலீஸ் சேவைச் சட்டத்தின் 13(7)(c) பிரிவு, தனியார் வீடுகளில் வாரண்டில்லாச் சோதனைக்கு இடம் தந்த அளவுக்குச் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

விதிவிலக்குகள் இருக்கின்றன. குடும்ப வன்முறைப் புகார் என்றால், 1998 சட்டமும் அதன் 2021 திருத்தமும் போலீஸாருக்கு அகலமான வாசல் வைத்திருக்கின்றன. அங்கே 'வாரண்டு எங்கே' என்று வாசலை மறித்து நிற்பது அடிபட்டவருக்குச் செய்யும் உதவி அல்ல.

சுருக்கமாகச் சொன்னால், மூன்றாவது சாவி கிடைக்கும் வழிகள் மூன்று: சோதனை வாரண்டு, உரியவரின் சம்மதம், இரண்டு காலும் உள்ள அவசரம். கைது அந்தப் பட்டியலில் இல்லை.

சோதனை நடக்கும் முறை

கதவை உடைக்கும் முன் சத்தமாகக் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்ற விதி பொருள் தேடும் சோதனைக்கும் உண்டு (27ஆம் பிரிவு). சொன்னால் பொருளை அழித்துவிடுவார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் மட்டும் சொல்லாமல் நுழையலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். பெண் போலீஸ் இல்லையென்றால் அதற்கென்று நியமிக்கப்பட்ட வேறு பெண் சோதிக்க வேண்டும் என்கிறது 29ஆம் பிரிவு. அதே பிரிவு கண்ணியமும் ஒழுங்கும் காக்கச் சொல்கிறது. சாமி அறைக்குள் காலணியைக் கழற்றுங்கள் என்று கேட்க அது நல்ல காரணம். கேட்கும் விதத்தில் கேட்டால் பலரும் கழற்றுவார்கள், கட்டாயப்படுத்தச் சட்டத்தில் வரி இல்லை.

வாரண்டோடு வந்தால் அதைப் பகலில்தான் நிறைவேற்ற வேண்டும், இரவில் என்று அதிலேயே எழுதியிருந்தால் தவிர. நிறைவேற்றியபின் பாதிக்கப்பட்டவர் கேட்டால் நகல் தர வேண்டும். கேட்டால்தான். கேட்காதவருக்கு நகல் தேடி வராது.

கைப்பேசி தனிக்கதை. அதை எடுத்துப் பையில் போடுவது ஒரு செயல், திறந்து வாட்ஸ்அப்பைப் படிப்பது வேறு செயல். 2020ஆம் ஆண்டின் 19ஆம் எண் சைபர் குற்றச் சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. கைதானவருக்கு மௌனம் காக்கும் உரிமை இருப்பதால், கைப்பேசியைத் திறக்கும் 'பின்' எண்ணைக் கேட்டால் "வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்பதே போதுமான பதில்.

வாசலில் என்ன சொல்வது

உடம்பால் மறிக்காதீர்கள். கையைத் தட்டிவிடுவது, கதவைக் காலால் அடைப்பது, பொருளை ஒளிப்பது எல்லாம் தனிக் குற்றமாகிவிடும். முதல் வழக்கு தள்ளுபடியானாலும் அந்த இரண்டாவது வழக்கு ஒட்டிக்கொள்ளும்.

வாயால் மறுக்கலாம். இங்கே போலீஸாரிடம் ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ பேச வேண்டியிருப்பதால் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது: "ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச். டூ யூ ஹாவ் எ சர்ச் வாரண்ட்?" (சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை. சோதனை வாரண்டு இருக்கிறதா?) ஒரு தடவை, தெளிவாக, கத்தாமல். வீட்டில் பல பேர் இருந்தால் ஒருவரே பேசுவது நல்லது. ஒருவர் மறுத்துக்கொண்டிருக்க இன்னொருவர் "பார்க்கட்டுமே" என்று சொன்னால் பின்னால் எல்லாரும் இரண்டாமவர் சொன்னதையே பிடித்துக்கொள்வார்கள்.

மறுத்தும் உள்ளே போனால் போகட்டும். இனிமேல் உங்கள் வேலை பார்ப்பதும் எழுதிவைப்பதும். பெயர்ப் பட்டையில் உள்ள பெயர், பதவி, ஸ்டேஷன், வந்த நேரம், போன நேரம், எந்த அறை, எந்த அலமாரி. அதிகாரி தன் பாக்கெட் புக்கில் குறிப்பு எழுதுவார், உங்களிடமும் ஒரு குறிப்பு இருக்கட்டும். தள்ளி நின்று கைப்பேசியில் படம் எடுக்கலாம், வேலைக்கு இடையூறாக முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

பணமும் நகையும்தான் பின்னால் அதிகம் தகராறாகும். பணத்தை எடுத்தால் அங்கேயே உங்கள் முன்னால் எண்ணச் சொல்லுங்கள். 'பணம்' என்று எழுதினால் போதாது, '12,000 ராண்டு, 200 ராண்டு நோட்டு 60' என்று இருக்க வேண்டும். நகையானால் எத்தனை உருப்படி, என்ன வகை. 'மஞ்சள் நிற உலோகச் சங்கிலி' என்று எழுதுவார்கள், அது போலீஸ் வழக்கம், சண்டை போடாதீர்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பறிமுதலான பொருள் ஸ்டேஷனில் எஸ்.ஏ.பி.எஸ் 13 என்ற பறிமுதல் பொருள் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவெண்ணையும் வழக்கைப் பதிவு செய்யும்போது போலீஸ் தரும் சி.ஏ.எஸ் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதனை தப்பாக நடந்திருந்தால்

"வாரண்டு இல்லாமல் எடுத்தது, கோர்ட்டில் நிற்காது" என்பது தொலைக்காட்சி வாக்கியம். இங்கே சட்டமீறலால் கிடைத்த ஆதாரம் தானாகத் தள்ளுபடியாவதில்லை. அரசியலமைப்பின் 35(5) பிரிவு இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறது: இதை ஏற்றால் விசாரணை நியாயமற்றதாகுமா? அல்லது வேறு வகையில் நீதி நிர்வாகத்துக்குக் கேடா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் விலக்கியே ஆக வேண்டும். அதிகாரி தெரிந்தே மீறினாரா, தெரியாமல் தவறினாரா, மீறல் எவ்வளவு பெரியது, வாரண்டு எளிதாகக் கிடைத்திருக்குமா என்பதெல்லாம் எடை போடப்படும். அரசுத் தரப்பு அந்தப் பொருளை ஆதாரமாக வைக்கும்போதே வக்கீல் ஆட்சேபிக்க வேண்டும். அப்போது அதற்கென்றே ஒரு தனி விசாரணை, விசாரணைக்குள் விசாரணை, நடக்கும். வாசலில் மறுத்ததும் எழுதிவைத்த குறிப்பும் அங்கேதான் கைகொடுக்கும்.

அதிகாரமின்றிச் சோதனை போட்ட போலீஸ்காரர்மீதே வழக்குப் போட 28ஆம் பிரிவில் இடமுண்டு. தண்டனை 600 ராண்டுவரை அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அதோடு நஷ்டஈடும் உத்தரவிடலாம். 600 ராண்டு 1977இல் ஒரு தொகை. இன்று இரண்டு பை மளிகை. யாரும் அதைப் பார்த்துப் பயப்படப்போவதில்லை. உண்மையான வழி நஷ்டஈட்டு வழக்கு. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அரசு அமைப்புகள்மீது வழக்குத் தொடுப்பதைப் பற்றிய 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்த ஆறு மாதத்தைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கோர்ட்டிடம் கேட்கலாம், ஆனால் அது தனி மனு, தனிச் செலவு.

புகார் எங்கே கொடுப்பது என்பதிலும் தடுமாற்றம். அடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள், சுட்டார்கள் என்றால் சுதந்திரப் போலீஸ் விசாரணை இயக்ககமான ஐபிட். வாரண்டில்லாமல் பீரோவைத் திறந்தார்கள் என்பது மட்டும் என்றால் முதலில் ஸ்டேஷன் கமாண்டர், பிறகு மாகாணப் போலீஸ் அலுவலகம். வக்கீல் வைக்க வசதியில்லாத கைதானவர் அரசின் சட்ட உதவியான லீகல் எய்டைக் கேட்கலாம். கைதான 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். அந்தக் கெடு வார இறுதியிலோ கோர்ட் நேரம் முடிந்த பிறகோ வந்தால் அடுத்த வேலை நாள்வரை நீளும்.

வழக்கே போடாமல் விட்டுவிட்டால் எடுத்த பொருள் என்னாகும்? சட்டப்படி வைத்திருக்கக்கூடிய பொருளானால் யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்கிறது 31ஆம் பிரிவு. வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்புவார்கள். அறிவிப்புத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போகாவிட்டால் பொருள் அரசுக்குப் போய்விடும். அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருந்து வேறு இடம் மாறியவர்களுக்கு இந்தக் கடிதம் பெரும்பாலும் பழைய வீட்டுத் தபால்பெட்டியிலேயே கிடக்கும். வீடு மாறினால் புது முகவரியைச் சி.ஏ.எஸ் எண்ணோடு எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, நகலில் ஸ்டேஷன் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.